நான் விரதம் இருந்த காரணம்

ஊசி என்றால் எனக்குப் பயம். இது எங்கள் வீட்டில் ஊரறிந்த ரகசியம். என் மனைவி இதை வைத்தே என்னைப் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கிள்ளானில் எங்கள் கோயில் மண்டபத்தில் ரத்த தான முகாம் வைத்தபோதும், "நீங்க வேணாம்லா, மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்குறது?" என்று மகளிர் குழுவின் முன்னாலேயே கேட்டாள். அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் போய் வரிசையில் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயதில் ரோஷம் வந்து என்ன பிரயோசனம், வந்துவிட்டது.

உட்கார்ந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பச்சை குத்தியிருக்கிறீர்களா, போதை ஊசி போட்டதுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். நடுவில் ஒன்று, பணம் கொடுத்து யாரோடாவது உறவு வைத்ததுண்டா என்று. எதிர் மேசையில் என் மூத்த மகள், ரத்தம் கொடுத்தவர்களுக்கு மைலோ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். பேனா தயங்கக்கூட இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. நான் மேருவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் சூப்பர்வைசர். ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தில் முதலில் ஒன்றும் காதில் விழவில்லை, வெளியே லோரிகள் நிற்கும் இடத்துக்குப் போய்க் கேட்டேன். ரத்தத்தில் ஏதோ இருப்பதாகவும், நேரில் வரவேண்டும் என்றும் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். நல்ல செய்தி சொல்கிறவர்கள் அவ்வளவு நிதானமாகப் பேசுவதில்லை.

மருத்துவமனையில் ஒரு மலாய் டாக்டர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஹெப்பாடைடிஸ் பி என்றார். ஈரலைத் தாக்கும் கிருமி, வெகு காலமாக என் உடம்பில் இருப்பது போலத் தெரிகிறது, ஸ்கேனில் ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது, இனி தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்றார். கவனிக்காமல் விட்டால் ஈரல் சுருங்கலாம், புற்றுநோய்கூட வரலாம் என்றும் சொன்னார். எனக்கு ஒரு நாளும் வலித்ததில்லை, கண் மஞ்சள் பூத்ததில்லை. அப்படியே ஓசையில்லாமல் இருக்கும் என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன். பிறக்கும்போது தாயிடமிருந்து வரலாம், ரத்தத்தில் வரலாம், சுத்தமில்லாத பிளேடில் வரலாம், உடலுறவில் வரலாம் என்றார். கடைசியாகச் சொன்னதை மட்டும் கேட்காதவன் போல ஜன்னலைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பிறந்ததுமே தடுப்பூசி போட்டிருப்பார்கள், இருந்தாலும் பார்த்துவிடலாம், முக்கியமாக மனைவியை அழைத்து வாருங்கள், அதுவரை ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம், ஷேவர், டூத்பிரஷ் கலக்க வேண்டாம், சேர்ந்து சாப்பிடுவதால் ஒன்றும் வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அழைத்து வருவேன் என்றுதான் சொன்னேன். ஆனால் காரில் ஏறி உட்கார்ந்ததும், அவளிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையிலேயே சாவியைத் திருக மறந்தேன். இதைச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே பிடித்தீர்கள் என்பதுதான். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாத பதில்.

மூத்த மகளைப் பிரசவிக்க மனைவி கேரி தீவில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலையிடத்து நண்பர்கள் நான்கு பேர் வேன் எடுத்தார்கள். எல்லை தாண்டி, தாய்லாந்தில் ஹாட்யாய். எங்களைப் போன்ற ஆண்களுக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மனைவியிடம் பினாங்கில் கம்பெனி கோர்ஸ் என்று சொன்னேன். ஒரே ஒரு முறை. ஒரு முறைதான் என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஆகவே சொல்லவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு வழி கண்டுபிடித்தேன். தைப்பூசத்துக்கு ஏறக்குறைய ஐம்பது நாள் இருந்தது. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தால் தனிப் பாய், தனித் தட்டு, தனித் துண்டு. மனைவியை நெருங்க வேண்டியதில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், கேட்காதது மட்டுமல்ல, கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதற்குள் ஏதாவது ஒரு தைரியம் வரும் என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அப்போது கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மனைவி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் பூசத்துக்கு வெரதம் இருந்து காவடி எடுக்கலாம்னு பாக்குறேன்" என்றேன்.

அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு எனக்காக வேண்டிக்கிட்டதுதானே? நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவீங்கன்னு நானும் கேக்கல" என்றாள்.

சத்தியமாக அதை நான் யோசித்திருக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

மூத்தவளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது என் மனைவிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண், நகம், தோல் எல்லாம் மஞ்சள். சோற்று வாசனை பட்டாலே வாந்தி. கிளினிக்கில் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கூடாது என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள், நாங்களும் ரத்தம் எடுக்காமலே திரும்பி வந்துவிட்டோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம், உப்பில்லாத கஞ்சி கொடுத்தோம். கெட்ட தண்ணீர் குடித்திருப்பாள் என்று எல்லோரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள். குழந்தையைப் பால் மறக்கடித்து அவள் அக்கா வீட்டில் விட்டோம். குழந்தை அழுததைவிட இவள் அதிகம் அழுதாள். இவள் பிழைத்தால் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் வேண்டிக்கொண்டேன். ஊசிக்குப் பயந்தவன் அலகு குத்துகிறேன் என்றானே என்று அவள் சொந்தக்காரர்கள் உருகிப்போனார்கள்.

எதற்காக அப்படி வேண்டினேன் என்று எனக்கு மட்டும் தெரியும். ஹாட்யாயில் நான் செய்த பாவத்துக்குச் சாமி இவளைத் தண்டிக்கிறது என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்தேனே தவிர, அது ஒரு கிருமியாக என் உடம்பிலிருந்து அவள் உடம்புக்குப் போயிருக்கும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் காவடியைத் தள்ளிப்போட்டேன். எடுத்தால் ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று ஒரு கூச்சம். தள்ளித் தள்ளி, பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது அவள் எனக்கு முன்னால் கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அவளுக்காக விரதம் இருக்கப்போவதாக நம்பி அழுகிறாள். "ஆமா, அதுக்குத்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் என்றைக்கும் பயந்ததில்லை. என் ஈரலைப் பற்றிய பயம் ஒரு ஓரமாக இருந்தது. பெரிய பயம் அவளைப் பற்றியது. அந்த நோய் அவளிடமிருந்து போய்விட்டதா, இல்லை என்னிடம் இருப்பது போல அவளுக்குள்ளும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா? ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். அந்த ஒன்றைத்தான் நான் செய்யவிடாமல் மறைத்து வைத்திருந்தேன்.

காலையில் அவள் வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே துணி காயப்போடும்போது, நல்ல வெளிச்சத்தில் அவள் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். "என்னங்க அப்படிப் பாக்குறீங்க, வெரதத்துல இருக்குற மனுசன்" என்று கேலி செய்வாள். எனக்காக அவளும் ஒருவேளைச் சாப்பாடுதான். மெலிந்தாள். படியேறினால் மூச்சு வாங்கினாள். விரதத்தால் மெலிகிறாளா, ஈரலால் மெலிகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடு என்றால், "நீங்க எனக்காகப் பட்டினி கெடக்குறீங்க, நான் மட்டும் திம்பேனா?" என்றாள்.

ஷேவரைக் காரில் பூட்டி வைத்தேன். மாத்திரையை வேலையிடத்தில் ஒரு பூட்டுப் பெட்டியில் வைத்து அங்கேயே விழுங்கினேன். தட்டால் ஒன்றும் வராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தும், என் தட்டை யாரையும் தொடவிடக் கூடாது என்று பயந்தேன். ஆனால் அதைக் கழுவியது அவள்தான். விரதத் தட்டைக் கழுவுவது புண்ணியம் என்று பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். கோயிலில் என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "சாமி, பால் குடிங்க", "சாமி, முன்னால வந்து நில்லுங்க". அதைக் கேட்கும்போதெல்லாம் கூசியது. ஆனாலும் முன்னால் போய் நின்றேன்.

முப்பதாம் நாள் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். எங்கள் வட்டாரத்தில் அவர்தான் அலகு குத்துகிறவர். கையில் ஒரு பிஸ்கட் டின். திறந்து பேப்பரில் கொட்டினார். சின்னச் சின்னக் கொக்கிகள், கன்னத்தில் குத்தும் நீள வேல், நாக்கு வேல்.

"தங்கச்சிக்காக மாப்ள அலகு குத்துறாரு. வேற யாரு கையும் படக் கூடாது, நான்தான் குத்துவேன்" என்றார்.

"இதையெல்லாம் கொதிக்க வெப்பீங்களா, மச்சான்?" என்று கேட்டேன்.

"எலுமிச்சம்பழத்துல குத்தி எடுத்து, விபூதி போட்டுத் தொடைச்சாப் போதும். எத்தன வருஷமாச் செய்றேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஊசிப் பயமா மாப்ள?" என்று சிரித்தார்.

அவர் விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரல் ஓரத்தில் வெடிப்பு. கையுறை எதுவும் போடாமல்தான் குத்துவார். என் ரத்தம் அந்த வெடிப்பில் படும், அதே கொக்கி அடுத்த ஆளின் முதுகில் ஏறும். அந்த வருடம் யார் யாருக்குக் குத்துவதாக இருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதில் ஒருவன் என் இளைய மகளோடு படிக்கிற பையன். பொய்யை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அது இப்போது பிஸ்கட் டின்னில் ஏறி ஊரைச் சுற்றக் கிளம்பியிருந்தது.

"அலகு வேணாம் மச்சான், பால்குடம் எடுக்குறேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. மனைவி பேப்பரில் கிடந்த கொக்கிகளைப் பொறுக்கி டின்னில் போட்டாள். அவளுக்காக வேண்டியதில் நான் பாதியைக் குறைத்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் வேட்டியும் குடமும் வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் போனோம். கடைவீதியில் பார்க்கிங் கிடைக்காமல் மூன்று சுற்றுச் சுற்றினேன். பூக்கடைப் பக்கம் ஒரு கார் வெளியேறும் வரை காத்திருந்தபோது அவள் கேட்டாள்.

"ஊசிக்குப் பயந்தா அலகு வேணாங்குறீங்க? உண்மையச் சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். காரை நகர்த்தாமலே சொன்னேன். ரத்தம் கொடுத்தது, போன் வந்தது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அலகு குத்தினால் அண்ணனுக்கு வரும் என்று சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "புள்ளைங்களுக்கு?" என்றுதான்.

"பொறந்தப்பவே ஊசி போட்டிருக்கு. நமக்குத்தான் அந்தக் காலத்துல போடல."

"எனக்கு?"

"தெரியல. டெஸ்ட் எடுக்கணும்."

"எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்?"

"வெரதத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி."

அவள் எண்ணிப் பார்த்தாள். "முப்பத்தி மூணு நாளு. அந்தத் தட்ட நான்தாங்க கழுவுனேன்" என்றாள்.

தட்டால் வராது என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். அவள் சொன்னது தட்டைப் பற்றியல்ல. காரை நிறுத்திய பிறகு, "எதுல வந்துச்சாம்? முடிவெட்டுற கடையா இருக்கும்லா, அந்த பிளேடு" என்று அவளாகவே சொன்னாள். நான் தலையாட்டினேன். அவ்வளவு சொன்ன பிறகும் அதற்குத் தலையாட்டினேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கே அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. குடம் வாங்காமலே திரும்பினோம்.

மறுநாளே அவளும் பிள்ளைகளும் ரத்தம் கொடுத்தார்கள். பதில் வர ஒரு வாரம் என்றார்கள். அந்த ஒரு வாரம் நான் சாமி கும்பிட்ட மாதிரி வாழ்க்கையில் கும்பிட்டதில்லை. எனக்கு எது வந்தாலும் வரட்டும், இவளுக்கு வேண்டாம் என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே, எதில் வந்தது என்று அவளுக்குத் தெரியவும் வேண்டாம் என்று கேட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்டேன்.

அதே டாக்டர். அவளை உட்கார வைத்து, தாளைத் திருப்பிக் காட்டி, சிரித்த முகத்தோடு சொன்னார். உங்களுக்கு நோய் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை, பயப்பட வேண்டாம். மனைவி பெருமூச்சு விட்டாள், மேசையடியில் என் கையைப் பிடித்தாள். முப்பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவள் கை என்மேல் பட்டது அப்போதுதான்.

டாக்டர் இன்னும் முடிக்கவில்லை. உங்களுக்குத் தடுப்பூசிகூடத் தேவையில்லை, ஒரு காலத்தில் இந்த நோய் உங்களுக்கு வந்து, உடம்பே அதை விரட்டியிருக்கிறது, பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான், உங்கள் கணவரைப் போலச் சிலருக்குத்தான் போகாமல் தங்கிவிடும் என்றார். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்று இந்தத் தாளில் தெரியாது என்றும் சொன்னார். பிறகு சாதாரணமாக, முன்னால் எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்று கேட்டார்.

"அடா, டொக்டோர். லாமா சுடா" என்று மலாயில் சொன்னாள் மனைவி. வந்தது, ரொம்ப காலத்துக்கு முன்னால். சொல்லிக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்தினாள். என் கையிலிருந்து அவள் கை விலகியது.

வெளியே மருந்து எடுக்கும் இடத்தில் நம்பர் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். நம்பர் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு தலையைத் திருப்பாமல் பேசினாள்.

"மூத்தவள அக்கா வீட்டுல விட்டோமே. பாலு கட்டிக்கிட்டு நான் அழுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து கால அமுக்கி விட்டீங்க."

"ஆமா."

"நான் அம்மா வீட்டுல இருந்தப்ப, பினாங்குல கோர்ஸுன்னு போனீங்க. அதுக்கு நாலு மாசம் கழிச்சு எனக்குக் காமாலை." நம்பர் சீட்டை இரண்டாக மடித்தாள். "பினாங்குக்கா போனீங்க?"

முடிவெட்டும் கடை இருந்தது. கெட்ட தண்ணீர் இருந்தது. தாளில் தெரியாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். தப்பிக்க இத்தனை வழி இருந்தும், என்னால் முடியவில்லை.

"ஹாட்யாய்" என்றேன்.

எங்கள் நம்பர் வந்தது. அவள்தான் எழுந்து போய் என் மாத்திரையை வாங்கினாள், எப்போது சாப்பிட வேண்டும் என்று கவுண்டரில் கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்து பையை என் மடியில் வைத்துவிட்டு, "அப்ப வேண்டிக்கிட்டது எனக்காக இல்ல" என்றாள். இல்லை, உனக்காகவும்தான் என்று சொல்லத் தோன்றியது. அந்த 'உம்' மட்டும் வாயில் வரவில்லை.

மச்சானிடம் நானே போய்ச் சொன்னேன். எனக்கு இருப்பதை மட்டும் சொன்னேன், வந்த வழியைச் சொல்லவில்லை. கொக்கியை ஒருத்தருக்குக் குத்தியதை இன்னொருத்தருக்குக் குத்தாதீர்கள், கையுறை போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நெடுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் ரத்தப் பரிசோதனை செய்யப்போவதாகச் சொன்னார்.

தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்தேன். மனைவி வந்தாள், கூட்டத்தில் பிள்ளைகளோடு நடந்தாள், எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். விரதம் முடிந்த மறுநாள் என் தனித் தட்டை எடுத்து வீட்டுத் தட்டுகளோடு அடுக்கிவிட்டாள். தட்டால் வராது என்று டாக்டர் சொன்னதை அவள் சரியாகக் கேட்டிருக்கிறாள். தினமும் இரவுச் சாப்பாட்டோடு அந்தத் தட்டின் ஓரத்தில் என் மாத்திரையை எடுத்து வைக்கிறாள். ஆறு மாத ஸ்கேனுக்குக் கூடவே வந்தாள். திரை ஓடும்போது என்னைவிட அவள்தான் டாக்டர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

அவளுக்கு நோய் இல்லை. நான் தொட்டால் இனி அவளுக்கு ஒன்றும் வராது என்று டாக்டரே சொல்லிவிட்டார். தைப்பூசம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. என் பாய் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது.